கூகுள் ஸ்காலர்: பட்டியலுக்கு நாலு ஸ்டார், மார்க்குக்கு இரண்டு

கண் மருத்துவமனை ஒன்றின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். விருது விண்ணப்பம், பதவி உயர்வு என்று வந்துவிட்டால் டாக்டர்கள் தேடுவது என்னைத்தான். போன மாதம் கருவிழிப் பிரிவு டாக்டர் ஒருவர் என் மேசைப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் எச்-இண்டெக்ஸ் எவ்வளவும்மா?" ஒருவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் மார்க் அது. அந்த ஒரு மதியத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் 2004-இல் வந்தது, காசு கிடையாது. முதல் ஸ்டார் அதற்குத்தான். இதே மாதிரி மேற்கோள் எண்ணும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டையும் முழுசாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இலவசம், ஆனால் எச்-இண்டெக்ஸ் போட்டுத் தராது. ஸ்காலர் ஆய்வேடு, புத்தகம், மாநாட்டுக் கட்டுரை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். அதனால் அங்கே கணக்கு பொதுவாகக் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். விண்ணப்பத்தில் எண்ணை எழுதினால், எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.

எச்-இண்டெக்ஸ் 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழே அடுக்கி, வரிசை எண்ணைவிட மேற்கோள் குறையாமல் இருக்கும் வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். அப்படிக் கடைசியாக நிற்கும் வரிசை எண்தான் எச்-இண்டெக்ஸ். சாருக்கு 19-வது கட்டுரைக்கு 21 மேற்கோள், 20-வதுக்குச் சரியாக 20, 21-வதுக்கு 17. ஆக 20. அந்த 17-க்கு இரட்டைப் பதிவு ஒன்று கீழே 4 மேற்கோளோடு கிடந்தது. இரண்டையும் டிக் செய்து சேர்த்தேன். "இப்ப 21 ஆயிடுச்சா?" என்று எட்டிப் பார்த்தார். ஆகவில்லை. அது மேலே ஏறியதும் 20 மேற்கோள் கட்டுரை 21-வது இடத்துக்கு இறங்கிவிட்டது. முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

ரொம்ப நேரம் பிடித்தது பெயர் விவகாரம். நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? சார் ஒரு கட்டுரையில் இனிஷியலை முன்னால் போட்டிருக்கிறார், இன்னொன்றில் பின்னால். அமெரிக்க இதழ் ஒன்றில் அப்பா பெயரைக் கடைசியில் முழுசாக எழுதப்போய், கடைசிப் பெயரை வைத்துத் தேடும் இடங்களில் அந்தக் கட்டுரையை எழுதியவர் அவர் அப்பாவாகிவிட்டார். பெரியவர் மளிகைக் கடை வைத்திருந்தவராம். ஸ்காலரில் கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் சேர்த்தோம். எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் நாட்டில், அடுத்தவர் கட்டுரையை நம் கணக்கில் வைத்திருப்பது நமக்குத்தான் அசிங்கம்.

மார்க்குக்கு ஏன் இரண்டே ஸ்டார்? கிளாகோமா என்ற கண் நரம்பு நோய் உள்ளவர்கள் உலகில் எத்தனை பேர் என்று குவிக்லியும் புரோமனும் 2006-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள்: 2010-இல் 6.05 கோடி, 2020-இல் 7.96 கோடி. அதன் பிறகு கிளாகோமா பற்றி எழுதுபவர்கள் முதல் வாக்கியத்திலேயே அதைக் காட்டத் தொடங்கினார்கள், மேற்கோள் மலையாகக் குவிந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் 2013-இல் அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்களும் சான் பிரான்சிஸ்கோவின் ப்ராக்டர் நிறுவனத்தாரும் சேர்ந்து வெளியிட்ட, கருவிழியில் வரும் பூஞ்சைப் புண்ணுக்கான மருந்துச் சோதனையைப் பாருங்கள். 323 நோயாளிகள். புதிதாக வந்த வோரிகோனசோலை விட, பழைய நேட்டமைசின் சொட்டு மருந்தே மேல் என்று காட்டினார்கள். வயலில் கண்ணில் நெல் சுணை பட்டு வருபவருக்கு எந்தச் சொட்டு என்பதைத் தீர்த்த வேலை அது. பணக்கார, குளிர் நாடுகளில் இந்தப் புண் அரிது. இதைப் பற்றி எழுதுபவர்களும் குறைவு, மேற்கோளும் அதற்குத் தக்கபடிதான். இந்த வித்தியாசம் ஸ்காலருக்குத் தெரியாது. விருதுக் குழுவில் இருப்பவர்களுக்காவது தெரிய வேண்டும்.

கடைசியில் ஆராய்ச்சியாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் (ORCID) தளத்தில் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்தேன். 16 இலக்க எண், பெயர் எப்படித் திரிந்தாலும் ஆள் மாறாது. "பெயர் எப்படிப் போடட்டும் சார்?" என்று கேட்டேன்.

"அப்பா பேர் கடைசியிலயே இருக்கட்டும்மா," என்றார். "அவர் பேர்லதானே நல்ல இதழ்ல வந்திருக்கு."