நான்கு வருட டாரட்: இரண்டாவது சீட்டோடு எனக்கிருக்கும் வழக்கு

போன வாரம் இரவு பத்தரை மணிக்குத் தோழி அழைத்தாள். கணவரோடு மூன்று நாளாகப் பேச்சு இல்லை. அழுது முடித்துவிட்டு, "உன்னிடம் ஒரு டாரட் கட்டு இருக்கிறதே, அது இதற்கெல்லாம் உதவுமா? நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டாள். டாரட் என்றால் படம் போட்ட சீட்டுகளைப் புரட்டிக் குறி பார்ப்பது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான்கு வருடமாகப் புழங்கும் ஒரு பொருளைப் பற்றி வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை.

என்னுடையது பெரும்பாலானோர் வைத்திருக்கும் ரைடர்-வெயிட் கட்டுதான். 1909-இல் லண்டனில் வெளிவந்தது. படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. பெட்டியின் மூடி இரண்டாம் வருடமே கிழிந்தது. ரப்பர் பேண்ட் போட்டேன், அது விளிம்பை அறுத்தது. இப்போது துணிப்பையில் கிடக்கிறது. ஒவ்வொரு சீட்டும் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம். என் கைக்கு அடங்காது. சாதாரணச் சீட்டைப் போலக் கலைக்கப் போனால் பாதி தரையில் விழும். ஆகவே மேசைமேல் பரப்பி, இரண்டு கையாலும் துழாவிக் கலைக்கிறேன். இதெல்லாம் பழகிவிடும். 78 சீட்டுக் கட்டு என்னிடம் இப்போது 77-ஆக இருக்கிறது. அதையும் குறையாகச் சொல்லவில்லை, பிறகு வருகிறேன்.

என் கோபம் முழுவதும் இரண்டாவது சீட்டின்மேல்தான்.

உறவைப் பார்க்கப் பலவிதமாக அடுக்குவார்கள். நான் அடுக்குவது ஐந்து சீட்டு: நான், அவர் (என் கணவர்), எங்களைச் சேர்த்து வைப்பது, எங்களுக்கு நடுவே நிற்பது, இனி கவனிக்க வேண்டியது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! முதல் சீட்டில் வம்பில்லை. என்னைப் பற்றி நான் தப்பாகப் படித்தாலும் நஷ்டம் எனக்குத்தான். இரண்டாவதைப் புரட்டும்போதுதான் விஷயம் கோணலாகிறது. அவர் அடுத்த அறையில் இருக்கிறார். அவருக்குப் பதிலாக ஒரு அட்டை என் எதிரே உட்கார்ந்திருக்கிறது. நான் என்ன சொன்னாலும் அது தலையாட்டுகிறது.

வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். டாரட்டில் வாள், கோப்பை, கோல், காசு என்று நான்கு வகைச் சீட்டு உண்டு. இரண்டாம் இடத்தில் வாள் ராஜா மூன்று முறை வந்திருக்கிறான்; வாளை உயர்த்திப் பிடித்து நம்மையே நேராகப் பார்ப்பானே, அவன்தான். முதல் முறை, சண்டை போட்ட இரவில், "ஈவிரக்கம் இல்லாதவர், தீர்ப்புச் சொல்வதற்கென்றே பிறந்தவர்" என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் முறை, உறவினர் வீட்டுத் தகராறில் அவர் என் பக்கம் நின்றிருந்த வாரம்: "நியாயம் பேசுகிறவர், யாருக்கும் அஞ்சாதவர்." மூன்றாம் முறை எனக்குக் காய்ச்சல். "தள்ளி நிற்கிறார்" என்பதோடு முடித்துவிட்டேன். சீட்டும் அதே சீட்டு, மனிதரும் அதே மனிதர். மாறியதெல்லாம் என் மனநிலைதான்.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். முடிவு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே வாசகங்களைக் கொடுத்தார். எனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி ஐந்துக்கு 4.26. அந்தப் பிள்ளைகளாவது தங்களைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள். நான் அவர் சார்பில் ஒப்புக்கொண்டு, அவர்மேலேயே கோபித்துக்கொண்டு, அடுத்த நாள் காலையில் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்திருக்கிறேன். என்ன நடந்தது என்று அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

இதைவிட மோசம், காசு கொடுத்து ஒருவரிடம் பார்த்தது. எகிப்தியரின் ஆயிரக்கணக்கான ஆண்டு ரகசியம் என்று ஆரம்பித்தபோதே எழுந்து வந்திருக்க வேண்டும். டாரட் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சீட்டாட்டமாகத் தொடங்கியது. பிரான்சில் இன்றும் ஆட்டமாகவே ஆடுகிறார்கள். எகிப்துக் கதையை 1781-இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்தார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்போலியோன் என்ற அறிஞர் படித்துக் காட்டியதே 1822-இல்தான். இவ்வளவும் தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கேட்க வேண்டியது எனக்கு இருந்ததால். இரண்டாம் இடத்தில் வாள் மூன்று வந்தது: மழையில் ஒரு இதயம், அதில் குத்திய மூன்று வாள். "மூன்றாவது ஆளின் நிழல் தெரிகிறது" என்றார் அந்த அம்மையார். மூன்று வாள், ஆகவே மூன்றாவது ஆள்! ஒன்றாம் வகுப்புக் கணக்கு. அதை நம்பி இரண்டு வாரம் என் கணவருடைய கைப்பேசி ஒளிரும்போதெல்லாம் கழுத்தை நீட்டினேன். வந்ததெல்லாம் மின்கட்டண நினைவூட்டல்.

தூக்கிப் போட்டிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். போடாததற்குக் காரணம் ஒரே ஒரு மாலை.

பிடிக்காத சீட்டு வந்தால் மறுபடியும் கலைக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அன்று ஆறாவது முறையாகக் கலைத்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் குடிக்க வந்தவர் நின்று பார்த்தார். "என்னைப் பற்றித்தானே பார்க்கிறாய்? என்னிடமே கேட்கலாமே" என்றார். குத்தலாகத்தான் சொன்னார். நானும் வீம்புக்கு எல்லாச் சீட்டையும் படம் மேலே தெரியத் திருப்பிப் பரப்பி, "சரி, உங்களுக்கானதை நீங்களே எடுங்கள்" என்றேன். நான் அவருக்காகக் கோப்பை நான்கை எடுத்து வைத்தேன். மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் இளைஞன். எதிரே மூன்று கோப்பை. மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது, அவன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நான் ஏதாவது ஆசையாகக் கேட்டால் அவர் முகத்தில் தெரிவது அதுதான் என்று எனக்குள் ஒரு முடிவு.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்கிறாயா? மூன்று ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. நான்காவதை வாங்க இவனிடம் தெம்பு இல்லை."

அப்புறம் தனக்கென்று கோல் பத்தை எடுத்தார். பத்துக் கழிகளை அணைத்துத் தூக்கிக்கொண்டு முதுகு வளைய நடக்கும் ஆள். முகம் கழிகளுக்குள் புதைந்திருக்கிறது. படத்தின் ஓரத்தில் சின்னதாகக் கட்டடங்கள். அவர் விரலை அங்கே வைத்து, "வீடு பக்கத்தில்தான் இருக்கிறது, இவனுக்குத்தான் தெரியவில்லை" என்றார். பிறகு ஒவ்வொரு கழிக்கும் பெயர் சொல்ல ஆரம்பித்தார். வண்டிக் கடன். அம்மாவின் மருந்து. அலுவலகத்தில் விலகிப்போனவரின் வேலை. ஏழாவது கழி நான். எட்டாவது, நான் கோபமாக இருக்கிறேனா என்று தினமும் கணிப்பது. பத்துக்கும் ஆள் இருந்தது.

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. மறுநாள், இந்தக் கட்டை உருவாக்கிய வெயிட் தந்திருக்கும் விளக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கோப்பை நான்குக்கு அவர் கொடுத்திருக்கும் முதல் சொல்லே சோர்வு. ஐம்பது முறை படித்திருப்பேன். கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு நாள், இருவரும் இருந்தால் மட்டும், சீட்டைத் திருப்பிப் பரப்பி ஆளுக்கு இரண்டு எடுக்கிறோம். குலுக்கல் இல்லை, குறி இல்லை. இப்படிப் பார்க்கும்போது அந்தப் படங்கள் எவ்வளவு நுட்பமானவை என்று வியப்பாக இருக்கிறது. காதலர் சீட்டு வந்தாலே வாயெல்லாம் பல்லாகிறவர்கள் கண்கள் போகும் திசையைக் கவனிக்க வேண்டும்: ஆண் பெண்ணைப் பார்க்கிறான், பெண் மேலே தேவதையைப் பார்க்கிறாள். ஒருவரையொருவர் பார்ப்பது கோப்பை இரண்டில்தான். சாத்தான் சீட்டில் இருவர் கழுத்திலும் சங்கிலி, ஆனால் தலைவழியே கழற்றிவிடும் அளவுக்குத் தளர்வு. இதைப் பார்த்து அவர் ஒரு முறை அரை மணி நேரம் சிரித்தார். என்ன நினைத்துச் சிரித்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் தோழிக்கு நான் சொன்னது, வாங்காதே என்பதுதான். அவள் நிலைமை எனக்குத் தெரியும். மூன்று நாள் பேச்சில்லாத வீட்டில் அந்தக் கட்டு போனால் நடுராத்திரியில் தனியாகத்தான் புரட்டுவாள். இரண்டாவது சீட்டு என்ன வந்தாலும் அவளுக்குத் தோதாகத்தான் பேசும், நான்காவது நாளும் பேச்சு இருக்காது. இதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லவில்லை, கொஞ்சம் சிடுசிடுத்தேன். என் இத்தனை வருடத்து எரிச்சலை அவள்மேல் கொட்டியது தப்புதான்.

அவள் விடவில்லை. "சரி, வாங்கவில்லை. உன்னுடையதை ஒரு வாரம் கொடு."

தர முடியாது என்றேன். கட்டில் ஒரு சீட்டு குறைகிறது. கோல் பத்து எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது. யாருக்குத் தாங்கவில்லையோ அவர்கள் அதைத் தங்கள் பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நேற்றிலிருந்து என் பக்கம் இருக்கிறது. அவர் இன்னும் கவனிக்கவில்லை.