ஏ-இசட் லைசென்ஸ் எடுத்த கையோடு ‘கோர்ப்பரேஷன் திறவுங்கோ’ என்று சொல்லும் ட்ரக் கொம்பனிகள்: கவனம்

நாற்பது தாண்டி, வேலை போய், இனி லாங் ஹோல் ட்ரக் ஓடப் போகலாம் என்று யோசிக்கிற ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாகக் கனடாவில் ஸ்கார்பரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் இருக்கிறவர்களுக்கு. ட்ரக் ஓட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ட்ரெய்லர் இழுக்கிற பெரிய ட்ரக் ஓடுகிற ஏ-இசட் லைசென்ஸ் கையில் கிடைத்த கிழமையே, உங்கள் பெயரில் ஒரு கோர்ப்பரேஷன், அதாவது தனிக் கொம்பனி, பதியச் சொல்லி உங்களைப் பிடிக்கக் காத்திருக்கிற கொம்பனிகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கன வருடம் நின்றவன் நான். லைன் மூடிவிட்டார்கள். கலியாண வீடொன்றில் ட்ரக் ஸ்கூலுக்கு ஆள் சேர்க்கிற ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார். “அண்ணை, எங்கட பெடியள் கிழமைக்கு ரெண்டாயிரம் எடுக்கிறாங்கள். நீங்கள் ஏன் இன்னும் யோசிக்கிறியள்?” என்றார். ரெண்டாயிரம் பொய் இல்லை. அதில் என்ன கழிபடவில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஒன்ராறியோவில் 2017 ஜூலை 1 முதல் ‘மெல்ட்’ என்ற கட்டாயப் பயிற்சி இருக்கிறது. குறைந்தது 103.5 மணித்தியாலம் முடிக்காமல் ஏ வகுப்பு ரோட் ரெஸ்ற் கேட்க முடியாது. நான் போன இடத்தில் ஒரு ட்ரக்கில் நாங்கள் நாலு பேர். ஒருவர் ஓட மற்ற மூவரும் பார்த்துக்கொண்டு இருப்போம். தாளில் நாலு பேருக்கும் ஓடின மணித்தியாலம் விழும். கடைசி நாட்களில் நிரப்பாத தாளைத் தந்து கையெழுத்துக் கேட்டார்கள். 2018 ஏப்ரலில் சஸ்கச்சுவானில் ஹம்போல்ற் ஹொக்கி அணியின் பஸ்ஸும் ட்ரக்கும் மோதி 16 பேர் செத்ததை இந்த நாட்டில் ஆரும் மறக்கவில்லை. அந்தச் சாரதிக்குக் கிடைத்தது சில கிழமைப் பயிற்சிதான். அதற்குப் பிறகுதான் மேற்கு மாகாணங்களும் மெல்ட்டைக் கொண்டுவந்தன. இவ்வளவும் நடந்த பிறகும் ட்ரக்கைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாத ஆளை நெடுஞ்சாலைக்கு அனுப்புகிறார்கள். எனக்குப் பின்னுக்கு எடுக்கப் பழக்கினது பிறகு ஒரு ட்ரக் ஸ்ரொப்பில் சந்தித்த பஞ்சாபி மனுசன், காசு ஒன்றும் வாங்காமல்.

ஸ்கூலுக்குக் காசு கட்ட முதல் அது மாகாண அரசில் பதிவு செய்த கல்லூரியா, அந்தப் பாடநெறிக்கும் அனுமதி இருக்கிறதா என்று அரசாங்கத்தின் இணையப் பட்டியலில் பாருங்கோ. பதிவு செய்த இடமென்றால், கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தின் பிரதி கிடைத்து 2 நாளுக்குள் எழுத்தில் ரத்துச் செய்தால் முழுக்காசும் திரும்பத் தர வேண்டும்.

உண்மையான பொறி லைசென்ஸுக்குப் பிறகுதான். நல்ல பெயருள்ள கொம்பனிகளுக்குப் போன் எடுத்தால் முதல் கேள்வி, “எத்தனை வருட அனுபவம்?” அவர்களின் இன்சூரன்ஸ் இரண்டு, மூன்று வருடம் கேட்கும். புதிதாக வந்த ஆளுக்கு வாசல் எல்லாம் பூட்டு. அப்போது ஸ்கூல்காரரே போன் எடுத்து, “எங்கட ஆக்களின்ர கொம்பனி ஒண்டு இருக்கு, உடன ஓடலாம்” என்பார். எனக்கு அது பெரிய உதவியாகத்தான் பட்டது. போய் இருந்ததும் டிஸ்பாச்சர், லோட் பிரித்துக் கொடுக்கிறவர், சொன்ன முதல் வசனம்: “ஒரு கோர்ப்பரேஷன் திறந்திட்டு வாங்கோ. அப்பதான் காசு முழுசா வரும்.”

ட்ரக் அவர்களுடையது. ட்ரெய்லர் அவர்களுடையது. டீசல் அவர்களின் கார்ட்டில். எந்த லோட், எத்தனை மணிக்கு, எந்த வழி, எல்லாம் அவர்கள் சொல்லுவதுதான். ஆனால் கடுதாசியில் நான் தனி வியாபாரம். இதற்கு இங்கே ‘ட்ரைவர் இங்க்’ என்று பெயர். சி.பி.பி. என்ற ஓய்வூதியத்துக்குக் கட்டமாட்டார்கள். ஈ.ஐ. என்ற வேலையிழப்புக் காப்புறுதிக்குக் கட்டமாட்டார்கள். விடுமுறைச் சம்பளம் இல்லை, ஓவர்ரைம் இல்லை, வேலையாளுக்குத் தருகிற வரிச் சீட்டான ரி-4 இல்லை. தொழில் விபத்துக் காப்புறுதியான டபிள்யு.எஸ்.ஐ.பி.யும் இல்லை.

மைலுக்கு இவ்வளவு சதம் என்று பேசினார்கள். எந்த மைல் என்று முதலே கேளுங்கோ. எனக்குத் தந்தது தபால் குறியீட்டுக்குத் தபால் குறியீடு கணினி காட்டுகிற மைல், நான் உண்மையில் ஓடினது அதைவிடக் கூட. வெயார்ஹவுஸ் வாசலில் அரை நாள் காவல் நின்றால் காசு இல்லை. மாரியில் வாவாவுக்கும் மரதனுக்கும் இடையில் 17ஆம் நெடுஞ்சாலையைப் பனிக்குப் பூட்டினால், திறக்கும் வரை ட்ரக்குக்குள் படுத்திருக்கிறதும் சும்மாதான்.

கனடாவில் ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட முடியாது. ட்ரக்கில் பூட்டியிருக்கிற ஈ.எல்.டி. என்ற மின்னணுக் கருவி ஓடுகிற நேரம் எல்லாவற்றையும் பதியும். அந்தக் கணக்கு முடிகிற நேரம் டிஸ்பாச்சர் மெசேஜ் போடுவார்: “பேர்சனல் யூஸ் போட்டிட்டு வாங்கோ.” பேர்சனல் யூஸ் என்பது லோட்டும் இல்லாமல் ட்ரெய்லரும் கழற்றிவிட்டு, நாளுக்கு 75 கிலோமீற்றருக்குள் சொந்த அலுவலுக்கு ஓடுகிறது. முழு லோட்டோடு அதைப் போட்டு ஓடி, ட்ரக்கை நிறுத்திச் சோதிக்கிற ஸ்கேலில் பிடிபட்டால் தண்டம் உங்களுடைய பெயரில் விழும், பிறகு நல்ல கொம்பனி ஒன்றும் உங்களைத் தொடாது. நான் மறுத்தேன். அடுத்த கிழமை முழுக்க எனக்கு லோட் இல்லை.

பிறகு தண்டர் பேயில் ஐஸில் சறுக்கி ட்ரெய்லர்ப் படியால் விழுந்து தோள் போனது. கொம்பனிக்குச் சொன்னேன். “நீங்கள் எங்கட வேலையாள் இல்லையே அண்ணை” என்றார்கள். அதுவரை அண்ணை, தம்பி என்ற உறவுதான் எல்லாவற்றுக்கும் உத்தரவாதமாக இருந்தது. நான் வீட்டில் இருந்த காலத்தில், ஏற்கெனவே ஓடின கடைசி லோட்டுகளின் காசையும் நிறுத்திவிட்டார்கள். ட்ரெய்லர்க் கதவில் கீறல் என்று காரணம். படம் கேட்டேன், வரவில்லை.

காசைக் கேட்டு நான் முதலில் போனது மாகாணத் தொழில் அமைச்சுக்கு. மாகாண எல்லை தாண்டி ஓடுகிற ட்ரக் சாரதி மத்திய அரசின் கனடா தொழிற்சட்டத்துக்குள் வருகிறவர், இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். மத்திய அரசின் தொழில் திட்டத்திடம் முறையிட வேண்டும், அதுவும் காசு தந்திருக்க வேண்டிய திகதியிலிருந்து 6 மாதத்துக்குள். எங்கள் ஆக்களில் பலர் இந்த இடத்தில்தான் காலத்தை விடுகிறார்கள். கோர்ப்பரேஷன் திறந்துவிட்டேனே, இனி உரிமை இல்லையே என்று பயந்து பேசாமல் இருக்கவும் தேவையில்லை. 2021 ஜனவரி 1 முதல், வேலையாளை வேலையாள் இல்லை என்று வகைப்படுத்துவது அந்தச் சட்டத்தில் தடை. நீங்கள் வேலையாள் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கொம்பனியின் பொறுப்பு. டபிள்யு.எஸ்.ஐ.பி.யும் கடுதாசியில் உள்ள பெயரைப் பார்க்காமல் வேலை எப்படி நடந்தது என்று விசாரித்து, நீங்கள் தொழிலாளியா என்று தானே தீர்மானிக்கலாம்.

வரிக் கதை தனி. இப்படி ஒரே கொம்பனிக்கு வேலையாள் மாதிரி ஓடுகிற கோர்ப்பரேஷனை மத்திய வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ. ‘பேர்சனல் சேர்விசஸ் பிசினஸ்’ என்று எடுத்தால் சிறு வியாபாரச் சலுகை கிடையாது. ஒன்ராறியோவில் வரி 44.5 சதவீதம். ட்ரக்குக்குள் சாப்பிட்ட சாப்பாட்டை, போன் பில்லைச் செலவாகக் கழித்ததையும் ஏற்கமாட்டார்கள். “காசு முழுசா வரும்” என்றார்களே, அந்த முழுக்காசிலிருந்து இதைக் கட்ட வேண்டியது நீங்கள். கொம்பனி சொன்ன கணக்காளரிடமே கணக்கைக் கொடுக்காதீங்கோ. எனக்கு அவர் இதில் ஒன்றையும் வாய் திறந்து சொல்லவில்லை. வேறு ஒருவரிடம் காட்டிய பிறகுதான் விளங்கியது.

ரி-4 தருகிற கொம்பனிகளில் புதிய ஆட்களைச் சீனியர் சாரதியோடு விட்டுப் பழக்கி எடுக்கிற சிலதும் இருக்கின்றன. சம்பளம் கையில் குறைவாகத் தெரியும், ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டும். எனக்கு இப்போது கிடைத்திருப்பது அப்படி ஒன்று. தோள் இன்னும் முழுதாகச் சரியில்லை, கிட்ட ஓட்டங்கள்தான் தருகிறார்கள். 46 முதல் 64 வயது வரை இந்த லைசென்ஸுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மருத்துவ அறிக்கை கொடுக்க வேண்டும், அந்தக் கவலையும் இருக்கிறது.

என் முறைப்பாடு இன்னும் விசாரணையில். அதனால் கொம்பனியின் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறவர்கள் டிஸ்பாச்சரின் மெசேஜ், லோட் தாள், வங்கிக் கணக்கில் காசு விழுந்த திகதி, ஓடின நேரத்தைக் காட்டுகிற லொக் பிரதி எல்லாவற்றையும் உங்கள் சொந்தப் போனில் சேமித்து வையுங்கோ. கொம்பனி தந்த டாப்லெட்டில் மட்டும் இருந்தால், வேலையை விடுகிற அன்றே அதற்குள் போகிற வழியை அடைத்துவிடுவார்கள்.