கரடிக்காகக் காத்திருக்கும் குடில்: பின்லாந்தின் குஹ்மோவில் இரண்டு இரவுகள்

பின்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டிய குஹ்மோ வட்டாரத்தில், காட்டுப் பழுப்புக் கரடிகளை அவற்றின் இடத்திலேயே பார்ப்பதற்காக மரக்குடில்களில் இரவு தங்கவைக்கும் சேவையைச் சில சிறிய நிறுவனங்கள் நடத்துகின்றன. அவற்றில் ஒன்றில் நானும் என் கணவரும் ஜூன் மாதக் கடைசியில் இரண்டு இரவுகள் தங்கினோம். ஹெல்சின்கியிலிருந்து கயானிவரை ரயிலிலும், அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் காரிலும் சென்றோம்.

குடில் என்பது பலகைகளால் அடைத்த ஒரு சிறிய அறைதான். முன்புறம் நீளவாக்கில் கண்ணாடியும், அதன் கீழே கேமராவை நுழைக்கத் துணி சுற்றிய துளைகளும், பின்புறம் அடுக்குக் கட்டில்களும், மூலையில் தண்ணீர் வசதி இல்லாத கழிப்பிடமும் உள்ளன. மாலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் காலை ஏழு மணிவரை வெளியே வர அனுமதியில்லை. வாசனைத் திரவியம் பூசக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. கரடி கண்ணைவிட மூக்கையே அதிகம் நம்பும் விலங்கு என்பதால் இந்தக் கட்டுப்பாடுகள் அனைத்தும் நியாயமானவை என்றே சொல்வேன்.

முதல் இரவில் இரண்டு கரடிகள் தொலைவில் சதுப்பு நிலத்தைக் கடந்து சென்றதோடு சரி. அந்தப் பருவத்தில் நள்ளிரவிலும் அங்கு முழுதாக இருட்டுவதில்லை. வெண்பஞ்சு போலப் பூத்திருந்த சதுப்புப் புற்களையும் அண்டங்காக்கைகளையும் பார்த்தபடியே பொழுது கழிந்தது. மறுநாள் இரவு பத்து மணியளவில் ஒரு தாய்க் கரடி மூன்று குட்டிகளுடன் வந்தது. திடீரென்று அது பின்னங்கால்களில் எழுந்து நின்று காற்றை முகர்ந்தது. அடுத்த நொடியே மூன்று குட்டிகளும் பைன் மரத்தில் ஏறிவிட்டன. நகங்கள் பட்டையைப் பிறாண்டும் ஓசை குடிலுக்குள் தெளிவாகக் கேட்டது. உதிர்ந்த பட்டைத் துகள்கள் தாயின் முதுகில் விழுந்துகொண்டிருந்தன. சற்று நேரத்தில் பெரிய ஆண் கரடி ஒன்று காட்டிலிருந்து வெளிப்பட்டபோதுதான் காரணம் விளங்கியது. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் கரடிகள் குட்டிகளைக் கொல்வதுண்டு. அது விலகிப் போகும்வரை தாய் அந்த மரத்தடியை விட்டு நகரவேயில்லை. நாங்கள் மூச்சைக்கூட அடக்கியே விட்டோம்.

கரடியின் பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய பின்லாந்து முன்னோர், அதைத் தேன்கையன் என்ற பொருளில் ‘மெசிகம்மென்’ என்று அழைத்தார்களாம். அன்று அந்த அச்சமும் அந்த அன்பும் எனக்கு ஒருசேரப் புரிந்தன.

இனி குறைகள். கரடிகள் அங்கே தற்செயலாக வருவதில்லை. குடிலின் எதிரே வைக்கப்படும் சால்மன் மீன் கழிவுக்காகவே வருகின்றன. இரை வைக்காமல் அடர்ந்த தைகா எனப்படும் ஊசியிலைக் காட்டில் கரடியைக் காண்பது மிக அரிது என்பதை ஏற்கிறேன். ஆயினும் பணம் கட்டுவதற்கு முன்பே இதை வெளிப்படையாகத் தெரிவிப்பதுதான் முறை. நாங்கள் கேட்ட பிறகுதான் வழிகாட்டி சொன்னார். மேலும், நால்வருக்கான குடில் என்று எழுதியிருந்தும் இரண்டாம் இரவு அறுவரை அமர்த்தினார்கள். முக்கியமான நேரத்தில் கண்ணாடியோரம் இடம் கிடைக்காமல் ஒருவர் பின்னால் நிற்க நேர்ந்தது. முறையிட்டபோது வருத்தம் தெரிவித்தார்களே தவிர, கட்டணத்தில் எதையும் திருப்பித் தரவில்லை.

அசையாமல் அமர முடியாத சிறு குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். கம்பளிக் காலுறையும் கொசுவலைத் தொப்பியும் கட்டாயம் வேண்டும். ஓர் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்ய நினைப்பவர்கள், செலவு கூடினாலும் இரண்டு இரவுகளாகவே செய்துகொள்ளுங்கள். முதல் இரவு சும்மா உட்காரப் பழகுவதிலேயே போய்விடுகிறது.