ஐபாக் புரோ-கிட் ஸ்பிரிங், பில்ஸ்டீன் பி8 ஷாக்: நானே மாட்டி ஓட்டிய அனுபவம்

காரின் உயரத்தைக் குறைத்துத் தாழ்த்த நினைப்பவர்களில் பலர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான் காரைத் தாழ்த்தும் ஐபாக் புரோ-கிட் ஸ்பிரிங்கையும் பில்ஸ்டீன் பி8 ஷாக்கையும் சேர்த்தே வாங்கி வீட்டில் மாட்டினேன். முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகப் பூட்டிய தூண்), பின்னால் ட்விஸ்ட் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்தரம்) உள்ள ஹாட்ச்பேக். கார் இறங்கியது சுமார் 30 மி.மீ. இந்த ஜோடியைத் தாராளமாக வாங்கலாம் என்பது என் கருத்து. ஆனால் ஸ்பிரிங்குக்கு மட்டும்தான் கையில் பணம் இருக்கிறது என்றால், ஷாக்குக்கும் சேரும்வரை பொறுத்திருங்கள்.

தாழ்த்தும் ஸ்பிரிங் நீளத்தில் குறைவு, விறைப்பில் அதிகம். விறைப்பான ஸ்பிரிங் அமுங்கினால் வேகமாக எழும்பும். அந்த எழும்பலை அடக்குவது ஷாக்கின் வேலை. காரோடு வந்த ஷாக்கோ மென்மையான ஸ்பிரிங்குக்கு அளவெடுத்துச் செய்தது, அதிலும் கொஞ்சம் ஓடித் தேய்ந்தது. இன்னொன்றும் உண்டு. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது, நீளமான ஷாக்கில் குட்டையான ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டு ஆட ஆரம்பிக்கலாம். பி8 இதற்காகவே நீளம் குறைத்துச் செய்யப்பட்டது. ஆர்டர் போடும்போது கவனம்: அதே பில்ஸ்டீனின் பி6 என்பது அசல் உயரத்துக்கானது.

பிரிக்கும் வேலையில் பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான், ஸ்ட்ரட்டிலிருந்து பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவது. ஒரு மி.மீ. அமுக்க 25 நியூட்டன் தேவைப்படும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். அதை 100 மி.மீ. அமுக்கினால் 2500 நியூட்டன், அதாவது சுமார் 250 கிலோ எடையின் விசை உள்ளே அடைபட்டு நிற்கிறது. மேல் நட்டைத் தொடுவதற்கு முன், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளும் நேரெதிராக இருக்க வேண்டும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கையால்தான் முறுக்க வேண்டும். வேகமாக அடித்துத் திருகும் இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம். கம்ப்ரஸரின் திருகு மரையில் கிரீஸ் தடவுங்கள், முகத்தை ஸ்பிரிங்கின் முனைக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். எனக்கு இரவலாகக் கிடைத்த கம்ப்ரஸரின் ஒரு கொக்கி லேசாக விரிந்திருந்தது. அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்கினேன். இந்த ஒரு கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

புது ஸ்பிரிங் குட்டை என்பதால் திரும்பப் பூட்டும்போது அவ்வளவு அமுக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்ட்ரட்டின் மேல்முனையைக் காரின் உடலோடு பிடிக்கும் மவுன்ட்டும் அதன் பேரிங்கும் கையில் இருக்கும்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு அதற்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். பின்பக்கம் சுலபம். ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி புஷ், அதாவது ஆர்ம் அசையும் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை. வீட்டில் செய்பவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ் ஆர்மின் புஷ்ஷில் ரப்பர் இரண்டு உலோகக் குழாய்களுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். அதன் பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். கார் ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போது ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சீக்கிரம் கிழியும், உயரமும் சரியாக உட்காராது. பழைய போல்ட்டைக் கழற்றாவிட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் அது பழைய உயரத்தில் இறுக்கியது.

நான் செய்தது இது. கழற்றும் முன் கார் தரையில் நிற்கும்போதே, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை டேப் வைத்து அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டினேன். எல்லாம் பூட்டிய பிறகு, சக்கரம் பூட்டும் ஹப்புக்கு அடியில் ஜாக்கி வைத்து, அந்த அளவில் 30 மி.மீ. குறையும்வரை தூக்கினேன். அங்கே நிறுத்தி ஆர்ம் போல்ட்டுகளை ஒருமுறை தளர்த்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கினேன். பின் பீமின் புஷ்ஷுக்கும் அதேதான். ஒருமுறை இறுக்கியதும் மாற்ற வேண்டிய நட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன்.

ஓட்டத்துக்கு வருகிறேன். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கார் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. பழைய ஷாக்கில் இருந்த இரண்டாவது ஆட்டம் போயே போய்விட்டது. லேன் மாறும்போது ஸ்டீயரிங் சொன்னதும் மூக்கு திரும்புகிறது. மெதுவாகப் போகும்போது சின்னக் குழிகள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. இது விறைப்புக்குக் கொடுக்கும் விலை. பின்சீட்டில் வந்த அம்மாவிடம் கேட்டேன். "குலுங்குதுதான், ஆனா முன்ன மாதிரி தூக்கிப் போடலப்பா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இன்னும் இறக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: மெக்பெர்சன் அமைப்பில் காரை இறக்க இறக்கக் கீழ் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும். அப்போது கார் சாயும் மையம், காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடக் கூட, வளைவில் உடலைச் சாய்க்கும் நெம்புகோலும் நீளும். விறைப்பான ஸ்பிரிங் அதை ஓரளவுதான் ஈடுகட்டும். 30 மி.மீ.யோடு நின்றது எனக்குத் திருப்தி.

ஸ்பிரிங் உட்காரக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்டுக்குப் போனேன். கடைக்காரர் "சார், இந்த வண்டில கேம்பர் அட்ஜஸ்ட் ஆகாது, டோ மட்டும் வச்சுத் தரேன்" என்றார். "பரவாயில்லைங்க, கேம்பர் அளவையும் பிரின்ட் எடுத்துக் கொடுங்க" என்று கேட்டு வாங்கினேன். கேம்பர் என்பது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம், டோ என்பது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. டயரைச் சீக்கிரம் தின்பது பெரும்பாலும் டோதான். ஆனால் இடது வலது கேம்பர் வித்தியாசம் தெரிந்தால்தான் ஸ்ட்ரட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று புரியும். அப்புறம் ஹெட்லைட் ஒளியின் உயரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காவிட்டால் வெளிச்சம் விழும் இடம் மாறிவிடும்.