டாக்டர் ஹூவுக்கு ஆள் சேர்த்த அனுபவம்

காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியைப் பற்றிய பிபிசி தொடர் டாக்டர் ஹூ. அதில் ஊறிய யாரிடமாவது, எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'பிளிங்க்' என்றுதான் பதில் வரும். ஸ்டீவன் மொஃபட் எழுதி 2007-இல் ஒளிபரப்பான எபிசோடு அது. பார்த்துக்கொண்டே இருந்தால் சிலையாக நிற்கும், கண் சிமிட்டிய நொடியில் பக்கத்தில் வந்துவிடும் கல் தேவதைகளின் கதை. அருமையான எபிசோடு, மறுபேச்சே இல்லை. ஆனால் பல வருடங்களாக வீட்டிலும் ஆபீஸிலும் இந்தத் தொடருக்கு ஆள் சேர்த்துப் பார்த்தவள் என்ற முறையில் நான் சொல்வது இதற்கு நேர் எதிர். புதிதாக வருகிறவருக்கு மிகச் சிறந்ததைக் காட்டாதீர்கள். சுமாரானதைக் காட்டுங்கள்.

காரணம் இருக்கிறது. 'பிளிங்க்'கில் டாக்டர் வருவதே கொஞ்ச நேரம்தான். டார்டிஸை, அதாவது நீலப் பெட்டி போன்ற தன் கால வாகனத்தை, பறிகொடுத்து 1969-இல் மாட்டிக்கொண்டு, டிவிடிக்குள் ஒளிந்திருக்கும் வீடியோ வழியாகப் பேசுவார். கதையைத் தூக்கிச் சுமப்பது கேரி மல்லிகன் நடித்த சாலி ஸ்பாரோ. அந்தப் பெண் மறுபடி தொடரில் வரவே மாட்டாள். என் ஆபீஸ் தோழி ஒருத்திக்கு யாரோ இதைச் சொல்லி, அவளும் ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்த்துப் பயந்து, ஆசையோடு அடுத்த எபிசோடையும் ஓடவிட்டிருக்கிறாள். அடுத்தது 'யுடோப்பியா'. கார்டிஃபில் நிற்கும் டார்டிஸை நோக்கி ஒருவன் ஓடி வருகிறான், அது கிளம்பும்போது பஸ் ஃபுட்போர்டில் தொற்றுவது போல வெளியே தொற்றிக்கொள்கிறான், அப்படியே பிரபஞ்சத்தின் கடைசிக் காலம் வரை போய்ச் சேர்கிறான். அது முன்பு டாக்டரோடு பயணம் செய்த கேப்டன் ஜாக். 2005-இலிருந்து பார்த்தவர்கள் கைதட்டும் இடம். மறுநாள் இவள் என்னிடம், "யாருப்பா அந்த ஆளு? எல்லாரும் தெரிஞ்ச மாதிரியே பேசுறாங்க, எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள். அது மூன்று எபிசோடுகள் சேர்ந்து ஓடும் சீசன் முடிவின் முதல் பகுதி. மூன்று வருடப் பழைய கணக்கெல்லாம் அங்கேதான் தீர்க்கப்படுகிறது. அவள் அத்தோடு விட்டுவிட்டாள்.

'வின்சென்ட் அண்ட் தி டாக்டர்' விஷயமும் இதேதான். ஓவியர் வான் கோவை டாக்டர் பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்து, அவர் படங்கள் முன்னால் கூட்டம் நிற்பதைக் காட்டும் காட்சியில் அழாதவர் குறைவு. அந்தச் சூட்டோடு அடுத்ததைப் போட்டால் 'தி லாட்ஜர்'. டாக்டர் ஒரு வீட்டில் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஃபுட்பால் ஆடுவார். எனக்கு மிகவும் பிடித்த எபிசோடு அது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது பிடிபடாது.

லண்டனில் இருக்கும் எங்கள் மாமா சரித்திரப் பிரியர். அவர் கேட்டதும் கொஞ்சமும் யோசிக்காமல் 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' போட்டார்கள் வீட்டில். 2018-இல் வந்தது, வினய் படேல் எழுதியது. 1947 ஆகஸ்ட், நாடு துண்டாகும் நேரத்தில், புதிதாக விழப்போகும் எல்லையிலேயே ஒரு இந்துப் பையனுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் கல்யாணம். வேற்றுக்கிரகவாசிகள்தான் கொலைகாரர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அவர்கள் தனியாகச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள். கொலை வருவது சொந்தத் தம்பி சேர்ந்துகொண்ட கும்பலிடமிருந்து. முடிவில் அந்தப் புகழ்பெற்ற தீம் இசையையே இந்தியக் குரலிசை பாணியில் மாற்றிப் போட்டிருப்பார்கள். மாமா எழுந்துபோய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "இதே மாதிரி இன்னொண்ணு போடும்மா" என்றார். இதே மாதிரி இன்னொன்று இல்லை. அதுதான் சிக்கல். அடுத்த வாரம் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாத தொடர் இது. ஒரு வாரம் சரித்திரம், மறுவாரம் பேய், அதற்கடுத்த வாரம் ஏப்பம் விடும் குப்பைத் தொட்டி.

அந்தக் குப்பைத் தொட்டிக்குத்தான் வருகிறேன். 1963 நவம்பர் 23-இல் பிபிசியில் தொடங்கி, 1989-இல் நின்று, நடுவில் ஒரு டிவி படத்தோடு மூச்சு வாங்கி, 2005 மார்ச்சில் ரஸ்ஸல் டி டேவிஸ் கையில் மறுபடி பிறந்தபோது வந்த முதல் எபிசோடு 'ரோஸ்'. துணிக்கடையில் வேலை பார்க்கும் ரோஸ் என்ற பெண்ணை, உயிர் வந்த பிளாஸ்டிக் பொம்மைகள் சுற்றி வளைக்கின்றன. டாக்டராக வரும் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் அவள் கையைப் பிடித்து ஓடச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் அவளுடைய பாய் ஃபிரண்டைத் தெருவோரக் குப்பைத் தொட்டி விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறது. எங்கள் வீட்டுக்காரர் அந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "இதுக்குத்தான் இவ்வளவு பேச்சா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் அந்த தேம்ஸ் கரைக் காட்சி வந்தது. பிளாஸ்டிக்கை இயக்கும் கருவி வட்டமாக, பிரம்மாண்டமாக, லண்டன் நடுவில் எங்கோ இருக்க வேண்டும், எப்படி ஒளித்து வைத்தார்கள் என்று டாக்டர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் லண்டன் ஐ ராட்டினம் விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கிறது. ரோஸ் கண்ணாலேயே காட்டுகிறாள், இவர் திரும்பிப் பார்க்கிறார், புரியவில்லை, மறுபடி பார்க்கிறார், மறுபடியும் புரியவில்லை. வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். தொட்டியை மன்னித்துவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இந்தத் தொடரில் தங்குகிறவர் யார், கிளம்புகிறவர் யார் என்பது அசட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொண்டு மேலே பார்க்க முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது. அதை முதல் நாளே தெரிந்துகொள்வது இருவருக்கும் நல்லது. 'பிளிங்க்'கைக் காட்டிவிட்டு, தொட்டியை ஒளித்து வைத்து என்ன பயன்?

'ரோஸ்' போட்டால் அடுத்த எபிசோடையும் சேர்த்தே போட வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 'தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்'. 500 கோடி வருடம் தள்ளிப்போய், பூமி வெந்து சாகப்போவதை ஒரு விண்வெளி நிலையத்தின் ஜன்னல் வழியாகப் பணக்கார விருந்தினர்கள் வேடிக்கை பார்க்கும் கதை. நடுவில் டாக்டர் ரோஸின் செல்போனில் ஏதோ சொருகிக் கொடுக்க, அவள் அம்மாவுக்குப் போன் போடுகிறாள். அம்மா சமையலறைப் பக்கத்தில் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டு சாதாரணமாகப் பேசுகிறாள். வைத்த பிறகுதான் ரோஸுக்கு உறைக்கிறது, தான் நிற்கும் காலத்தில் அம்மா செத்து 500 கோடி வருடம் ஆகிவிட்டது என்று. கிராபிக்ஸ் எதுவும் இல்லை, ஒரு பழைய போன், ஒரு முகம். நான் சேர்த்துவிட்டவர்களில் தங்கியவர்கள் எல்லோரும் இந்தப் போனில் விழுந்தவர்கள்தான்.

நாலாவது, அஞ்சாவது எபிசோடுகளில் வாயு விட்டுக்கொண்டே திரியும் ஸ்லித்தீன்கள் வருவார்கள். தாண்டிப் போகச் சொல்வார்கள் பலர். வேண்டாம், பார்க்கட்டும். 12 மணி நேரத்தில் திரும்பிவிட்டோம் என்று நினைத்து ரோஸ் வீட்டுக்குள் நுழைந்தால் 12 மாதம் ஓடியிருக்கும், அம்மா 'காணவில்லை' போஸ்டர் ஒட்டிக் களைத்திருப்பாள். அது இல்லாமல் அந்தக் குடும்பமே புரியாது. அடுத்து வருவது டாக்டரின் பரம எதிரியின் பெயரிலேயே வரும் 'டாலெக்', அதற்கு நான் சிபாரிசு செய்யத் தேவையில்லை.

எல்லோருக்கும் 2005 சரிப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். அக்கா மகளுக்குப் பதினாலு வயசு. பெரிய டிவியில் 'ரோஸ்' ஓட ஆரம்பித்ததுமே, "சித்தி, இது ஏன் இப்படி மங்கலா இருக்கு?" என்றாள். கேட்டது நியாயம்தான். தொடர் ஹெச்டிக்கு மாறியதே 2009-இல். அவளுக்கு 2010-இன் 'தி எலெவன்த் ஹவர்' போட்டேன். புது டாக்டராக மேட் ஸ்மித், புதுத் தோழி, புது டார்டிஸ், மொஃபட் பொறுப்பேற்ற முதல் எபிசோடு. பழசு எதுவும் தெரிய வேண்டியதில்லை. தோட்டத்தில் வந்து விழுந்த டாக்டர், ஏழு வயசுக் குட்டி அமீலியாவின் சமையலறையில் ஆப்பிள், தயிர், பேக்கன், பீன்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கித் துப்பிவிட்டு, கடைசியில் ஃபிஷ் ஃபிங்கரைக் கஸ்டர்டில் தோய்த்துத் தின்பார். அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்று போய் 12 வருடம் கழித்து வருவார். "ஐயோ, அந்தப் பாப்பா பெட்டியை எடுத்துட்டு வெளியில உட்கார்ந்திருந்துச்சே" என்று பாதியில் கத்தினாள். அவளுக்கு அதுதான் அந்தப் போன்.

மற்ற கதவுகளும் உண்டு. பீட்டர் கபால்டி காலத்தில் 2017-இன் 'தி பைலட்', நிதானமானவர்களுக்கு நல்லது. 2018-இல் ஜோடி விட்டேகரின் முதல் எபிசோடு ஷெஃபீல்டில் நடக்கும் ஒழுங்கான திரில்லர், ஆனால் டார்டிஸே வராது, அதனால் எனக்கு அரை மனசு. ஷூட்டி கட்வாவின் 2023 கிறிஸ்துமஸ் எபிசோடு பாட்டுப் பாடும் பூதங்களோடு வரும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சரி.

தனியாக விட்டால் வழி தவறும் இடங்கள் இரண்டு. ஒன்று, இந்தத் தொடரில் 'முதல் சீசன்' மூன்று இருக்கிறது: 1963, 2005, 2024. "சீசன் ஒண்ணுலேர்ந்து பார்" என்று மட்டும் சொன்னால் யார் எதில் போய் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. வருடத்தைச் சொல்லுங்கள். இரண்டாவது, கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்களைச் சில தளங்களில் சீசனுக்கு வெளியே தனியாகப் போட்டிருப்பார்கள். 2005 சீசன் கடைசியில் எக்கிள்ஸ்டன் போய் டேவிட் டெனன்ட் வரும்போது, நடுவில் 'தி கிறிஸ்துமஸ் இன்வேஷன்' இருக்கிறது. அதைத் தவறவிட்டு நேராக அடுத்த சீசனுக்குப் போனவர், யாரோ அந்நியன் டாக்டர் வேடத்தில் சுற்றுவதாகத்தான் நினைப்பார்.

டாக்டர் வேடத்தில் ஆள் மாறுவதுதான் இரண்டாவது பெரிய கண்டம். முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை மோசமானபோது, 1966-இல் அவரை பேட்ரிக் ட்ரவுட்டனாக மாற்றி, டாக்டர் புது உருவத்துக்கு மாறக்கூடியவர் என்று கதையையே அதற்கு வளைத்தார்கள். தொடர் இன்னும் உயிரோடு இருப்பது அந்தச் சாமர்த்தியத்தால்தான். ஆனால் பார்க்கிறவருக்கு அது சமாதானம் ஆகாது. வீட்டுக்காரர், "எனக்கு எக்கிள்ஸ்டன்தான் டாக்டர், இந்த ஒல்லிப் பையன் வேண்டாம்" என்று சில வாரம் தொடவே இல்லை. நல்லவேளை, அந்த கிறிஸ்துமஸ் எபிசோடில் டெனன்ட் பெரும்பாலான நேரம் பைஜாமாவோடு படுத்த படுக்கையாக இருப்பார். ரோஸும் எங்கள் வீட்டுக்காரரைப் போலவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். பூமியில் எல்லாம் கைமீறிப் போன பிறகுதான் மனுஷன் எழுந்து வருவார். வேண்டுமென்றே அப்படிக் காக்க வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் கூட உட்கார்ந்து பாருங்கள், வாயை மூடிக்கொண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் கஷ்டம். டைம் லார்ட் என்றால் என்ன, காலப் போர் என்றால் என்ன என்று முன்கூட்டியே வகுப்பெடுக்கக் கை துறுதுறுக்கும். தான் யார், தன் கிரகம் என்ன ஆனது என்பதை 2005 தொடரே இரண்டாவது எபிசோடின் கடைசியில்தான் அவர் வாயிலிருந்து வாங்குகிறது. எழுதியவருக்கே அவசரமில்லை.

சிலருக்கு இதெல்லாம் போதாது, பழசையும் பார்க்க வேண்டும் என்பார்கள். முதலிலிருந்தே தொடங்குகிறேன் என்பவரை இங்கிலாந்தில் இருக்கும் நாங்கள் தடுக்கவே வேண்டியதில்லை. 2023-இல் பழைய எபிசோடுகளை பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயரில் ஏற்றியபோது, உரிமைச் சிக்கலால் அந்த முதல் கதையே அதில் வரவில்லை. லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் 24 வயதில் இயக்கியது. டிவிடி கிடைத்தால் அந்த முதல் 25 நிமிடத்தையாவது பாருங்கள், அதற்குப் பிறகு வரும் குகை மனிதர்கள் பொறுமையைச் சோதிப்பார்கள். அறுபதுகளின் எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேல் பிபிசி தானே அழித்துவிட்டதால் வரிசையாகப் பார்ப்பது எப்படியும் நடக்காது. ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது, அந்தக் காலத்து ரசிகர்கள் வீட்டில் பதிவு செய்து வைத்த புண்ணியம்.

பழசுக்கு என் சிபாரிசு 1979-இன் 'சிட்டி ஆஃப் டெத்'. பாரிஸுக்கே போய் எடுத்தது, டக்ளஸ் ஆடம்ஸ் கை பட்ட வசனம். டாவின்சியை வைத்து வில்லன் இன்னும் ஆறு மோனாலிசா வரையச் சொல்லியிருப்பான். அப்போதைய டாக்டரான டாம் பேக்கர் அதற்கு முன்பே போய், வரையப்போகும் பலகைகளில் எல்லாம் ஃபெல்ட் பேனாவால் 'இது போலி' என்று எழுதி வைத்துவிட்டு வருவார். நாலு பகுதி. ஆனால் ஒரே மூச்சில் பார்க்கக் கூடாது. வாரத்துக்கு ஒன்றாக வந்தவை இவை, ராத்திரிக்கு ஒன்று என்றால் தாங்கும். சேர்த்துப் பார்த்தால் அதே தாழ்வாரத்தில் திரும்பத் திரும்ப ஓடுவது கண்ணில் படும். அது பிடித்தால் ஜான் பெர்ட்வீ டாக்டராக வந்த 1970-க்குப் போகலாம். முதல் கதை நாலு பகுதி, கலர். பின்னால் வரும் மூன்றும் ஏழேழு பகுதி. ஆபீஸ் தோழியை அப்புறம் 'ரோஸ்' வழியாக மறுபடி இழுத்து, இப்போது அங்கேதான் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். "நாலாவது பகுதியிலயும் அதே குகைக்குள்ளதான் சுத்துறாங்க" என்று நேற்று மெசேஜ் வந்தது. அஞ்சாவதைப் பார் என்று பதில் போட்டிருக்கிறேன்.