சுழற்சியா, நிறமா? தூசி கக்கும் சிறுகோளில் எதை முதலில் அளப்பது

வேலூர்ப் பக்கம் வானியல் புராஜெக்ட் எடுக்கும் பிள்ளைகளின் கண் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தின் மேல் விழாமல் இருக்காது. 1988-ல் ‘4130 ராமானுஜன்’ சிறுகோள் அகப்பட்டது அங்கேதான். அவர்கள் தூசி கக்கும் சிறுகோள்களைத் தொட்டால், சுழற்சியா நிறமா, எதை முதலில் அளப்பது என்று கேள்வி வரும். என் ஓட்டு சுழற்சிக்கு.

தூசி ஏன் கிளம்புகிறது? மோதலா, உள்ளே பனி ஆவியாகிறதா, தன் சுழற்சி வேகமே உடைக்கிறதா? கற்குவியலாக இருக்கும் சிறுகோள் ஏறக்குறைய 2.2 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்தால், ஈர்ப்பு அதைப் பிடித்து வைக்க முடியாது. 2019 தொடக்கத்தில் தூசி வால்களோடு தெரிந்த 6478 கால்ட் என்ற சிறுகோள், சுமார் இரண்டரை மணி நேரத்தில் சுழல்கிறது, அந்த எல்லைக்குப் பக்கத்தில். மாறாக, 2010 டிசம்பரில் தூசி கிளப்பிய 596 ஷெய்லாவுக்கு 15.8 மணி நேரம். அவ்வளவு மெதுவாகச் சுற்றுவது தானாகச் சிதறாது. சந்தேகம் மோதல் மேல்தான் போகும்.

நடைமுறையிலும் சுழற்சி அளப்பது எளிது: சுழலும்போது பிரகாசம் ஏறி இறங்குவதைப் பார்த்தால் போதும். ஒரே ஃபில்டர், ஒரே சட்டகத்தில் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பீடு. மெல்லிய மேகம் எல்லாவற்றையும் சேர்த்து மங்கச் செய்வதால் பாதிப்பு குறைவு. கால்ட் மாதிரி வேகக்காரனுக்கு ஓர் இரவிலேயே மூன்று சுற்று கிடைக்கும். நீளமான பாறை ஒரு சுற்றில் இரண்டு பிரகாச உச்சம் காட்டும். அதை மறந்தால் காலம் பாதியாகிவிடும். ஷெய்லா போன்ற மந்தக்காரனுக்கு ஓர் ஊரின் இரவு போதாது, வேறு தீர்க்கரேகையில் இருப்பவர் கை கொடுக்க வேண்டும்.

பெரிய தொல்லை தூசியேதான். வால் பெரிதாக இருக்கும்போது நடுவிலுள்ள பாறையின் பிரகாச ஏற்றஇறக்கத்தை அது மூடிவிடும். கொந்தளிப்பு அடங்கிய பிறகுதான் கால்டின் காலம் தெளிவானது. வால் அடங்கட்டும், காத்திருங்கள்.

நிறம் வேறு கதை. பாறை எந்த வகை, புழுதிக்கடியிலிருந்து புது மேற்பரப்பு தெரிகிறதா என்பதை அதுதான் சொல்லும். ஜெமினிட் எரிமீன்களின் மூலமான 3200 ஃபேதான் நீலச் சாயல் கொண்டது என்பது அதனால் தெரிந்தது. ஆனால் நிறத்துக்கு உண்மையான தெளிவான இரவு வேண்டும், சூரியன் போன்ற விண்மீன்களை வைத்து அளவு சரிபார்க்க வேண்டும், அடிவானத்துக்கு அருகே நீலம் அதிகம் உறிஞ்சப்படுவதைக் கழிக்க வேண்டும். வால் இருந்தால் அளப்பது தூசியின் நிறமா, பாறையின் நிறமா என்பதும் குழம்பும்.

இன்னொரு சிக்கலை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நீல ஃபில்டரில் ஒரு படம், பத்து நிமிடம் கழித்துச் சிவப்பில் ஒரு படம் என்று எடுத்தால், அதற்குள் சிறுகோள் சுழன்று பிரகாசம் மாறியிருக்கும்; அந்த மாற்றத்தை நிறம் என்று எழுதிவிடுவோம். சுழற்சி தெரிந்தவர் இதைத் திருத்திவிடலாம். தெரியாதவர் சிவப்பு, நீலம், சிவப்பு, பச்சை, சிவப்பு என்று மாற்றி மாற்றி எடுத்து, நடுவிலுள்ள சிவப்புகளை வைத்துச் சமன்செய்ய வேண்டியதுதான்.