"பர்மிட்டும் நாங்களே எடுத்துத் தருவோம்" என்று ஒரு பேனர்காரர் சொன்னால்

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சின்னதாகப் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, தெரிந்தவர் மூலம் ஒரு பேனர்காரரைப் பிடித்தேன். "அண்ணே, நாலு பேனர், கட்டுற கூலி, பர்மிட் எல்லாம் சேர்த்து 1,480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நீங்க முறுக்கைப் பாருங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். நானும் முறுக்கைத்தான் பார்த்தேன்.

கடை முகப்பில் ஒன்று, பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒன்று, பேருந்து நிறுத்தத்துக்கு அருகே சாலையோரக் கம்பித் தடுப்பில் இரண்டு. பர்மிட் எங்கே என்று கேட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மேலே அரசாங்கச் சின்னம், கீழே ஏதோ ஓர் எண். சரி என்று விட்டுவிட்டேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். அது நிரப்பிவிட்டு அனுப்பாமல் கிடந்த விண்ணப்பத்தின் வரைவு.

ஆறாம் நாள் ஓர் அதிகாரியிடமிருந்து போன். பேனரில் கொட்டை எழுத்தில் இருந்தது என் கைப்பேசி எண்தானே, கட்டியவரைத் தேடி யார் போவார்கள்? ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பியில் வெட்டிவிட்ட பிளாஸ்டிக் டை மட்டும் நான்கைந்து நீட்டிக்கொண்டிருந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள், என் நல்ல காலம்.

அன்றிரவு கடையை அடைத்துவிட்டுத்தான் விதிகளைப் படிக்க உட்கார்ந்தேன். எல்லா இடத்துக்கும் செல்லும் ஒரே பர்மிட் என்று ஒன்று இங்கே கிடையாது. பேனர் தொங்குகிற இடம் யாருடையதோ, அவரிடம் கேட்க வேண்டும். கட்டடத்தின் வெளிப்புறம் என்றால் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விளம்பர உரிமம். அரசாங்கத்தின் கோபிசினஸ் இணையத்தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். புளோக் கீழ்த்தளத்துக்கு நகர மன்றம், சாலையோரத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையம். என் கடைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989இலேயே பாதுகாக்கப்படும் வட்டாரமாகிவிட்டதால், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. பழைய கடைவீட்டின் வேலைப்பாடுகளை மறைத்து எதையும் மாட்டக்கூடாது. என் பேனர் மாடி சன்னல் இரண்டையும் மூடிக்கொண்டு தொங்கியது!

வயிற்றைக் கலக்கியது வேண்டலிசம் சட்டம், அதாவது பொதுச் சொத்தைப் பாழாக்குவதற்கு எதிரான சட்டம். அது சுவரில் கிறுக்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சொத்தில் வாசகம் போட்ட பேனரைத் தொங்கவிடுவதும் அதில் அடக்கம். 2,000 வெள்ளி வரை அபராதம், இல்லாவிட்டால் மூன்றாண்டு வரை சிறை.

மறுநாள் என் கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்கார ஆன்ட்டியிடம் கேட்டேன். சம்மதக் கடிதம் கேட்டு அவரிடம் யாருமே வரவில்லையாம். பேனர்காரரை அழைத்தால், "அண்ணே, பண்டிகை நேரத்துல எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க." பணத்தைக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பில்லை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். நிறுவனப் பதிவு எண் இல்லை. பேநவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் நான் அனுப்பிய பணமும் போனது நிறுவனக் கணக்குக்கு இல்லை, அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு. யார் மேல் வழக்குப் போடுவது என்று கண்டுபிடிக்கவே பத்து நாள் ஓடிவிட்டது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் தேவையில்லை, 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டாண்டுக்குள் போட்டுவிட வேண்டும். சாதாரண வாடிக்கையாளராக இருந்திருந்தால் கட்டணம் 10 வெள்ளியோடு முடிந்திருக்கும். கடைக்காரன் என்பதால் 50. கட்டிவிட்டேன், அடுத்த வாரம் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நேற்று என் மனைவியின் கைப்பேசியில் அந்தப் பேனர்காரருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தெரிந்தது. பொங்கல் சலுகையாம். பேனர், பர்மிட், கட்டும் கூலி, எல்லாம் சேர்த்து ஒரே விலை. இந்த முறை 1,280.